ஏலமா, லேலமா?

மேலிடத்திலிருந்து போன் வந்தால் நான் எழுந்து நின்று பேசுவதில்லை. நின்றால் எனக்குக் கோபம் சீக்கிரம் தலைக்கேறும். அன்றைக்கும் உட்கார்ந்துதான் பேசினேன். போடியில் நான் நூலகராக இருக்கும் கிளைக்கு ஆறு கம்ப்யூட்டர் வருகிறது, போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகளுக்குப் புது மேஜைகள் வருகின்றன, அதற்கு இடம் பண்ணி வையுங்கள் என்றார் மாவட்ட நூலக அதிகாரி. நல்ல மனிதர்தான். குரலை உயர்த்தாமலே நம்மை இக்கட்டில் மாட்டிவிடுவார், அவ்வளவுதான்.

"இடம்னா எங்கன சார் பண்ணுறது? சுவத்தத் தள்ளி வைக்கவா?"

"கழிவு பண்ணுங்கம்மா. வருசக் கணக்கா ஒருத்தரும் எடுக்காத புத்தகம் எத்தனை இருக்கும்? பட்டியல் போட்டு ஏலம் விட்ருங்க. ரெண்டு ராக் காலியானாப் போதும்."

கழிவு! எங்கள் தொழிலில் இது ஒரு சாதாரண வார்த்தை. கிழிந்தது, செல்லரித்தது, காலம் கடந்தது எல்லாவற்றையும் கணக்கிலிருந்து நீக்கி எடைக்குப் போடுவதற்குப் பெயர் கழிவு செய்தல். இத்தனை வருடம் இந்த வேலையில் இருக்கிறேன், அந்த வார்த்தை மட்டும் எனக்கு இன்னும் ஆகவில்லை.

ஆனால் மேஜை வேண்டாம் என்று சொல்லவும் எனக்கு வாய் வராது. இப்போதெல்லாம் நூலகத்துக்கு யார் வருகிறார்கள் என்று யாராவது கேட்டால் கையைப் பிடித்து இழுத்து வந்து காட்டுவேன். காலையில் நான் பூட்டைத் திறப்பதற்கு முன்பே பிள்ளைகள் வாசலில் நிற்பார்கள். தண்ணீர் பாட்டில், டிபன் பாக்ஸ், தலையணை கனத்துக்கு சொந்த கைடு. நாற்காலியைப் பிடித்தால் சாயங்காலம் வரை எழுந்திருக்க மாட்டார்கள். இடம் கிடைக்காதவர்கள் படிக்கட்டில் உட்கார்ந்து படிப்பார்கள். பாதிப் பேர் பெண் பிள்ளைகள், முதல் பஸ்ஸைப் பிடித்து வருகிறவர்கள். என்ன, ஒரு பிள்ளையாவது திரும்பி ராக்கைப் பார்க்குமா? பார்க்காது. அவர்களுக்கு அது சுவர்.

பெரியவர்கள் பேப்பர் படிக்க வருவார்கள். "எல்லாமே போன்ல இருக்கே தாயி, இனிமே லைப்ரரி எதுக்கு?" என்று ஒருவர் என்னிடம் நீட்டி முழக்கினார். அவர் வந்திருந்ததே அந்த போனுக்கு இங்கே சார்ஜ் போட. பிளக்கைப் பிடுங்கிக் கையில் கொடுத்து, "இருக்குல்ல, பாருங்க" என்றேன். மறுநாளும் வந்தார், பேச்சை மட்டும் மாற்றிக்கொண்டார்.

ஆக, பட்டியல் போட உட்கார்ந்தேன். புதிதாக வந்திருக்கும் மென்பொருளிடம் எந்தப் புத்தகம் யாருக்கும் போகவில்லை என்று கேட்டால் அது வரிசையாகக் கக்கிவிடும். பழைய ஆண்டு மலர்கள், பாடத்திட்டம் மாறிப்போன கைடுகள், இப்போது கண்ணிலேயே காண முடியாத கம்ப்யூட்டர்களைப் பற்றிய கம்ப்யூட்டர் புத்தகங்கள். இவை ஒரு ராக் நிறைய இருந்தன. போனால் போகட்டும். இரண்டாவது ராக்கைப் பார்த்ததும் பட்டியலை நிறுத்தினேன். அது மலையாள ராக்.

அந்த ராக் எங்களிடம் வந்தது ஒரு தனிக் கதை. மலைமேல், கேரளத்துப் பக்கம் ஏலத் தோட்டமொன்றில் கணக்குப் பார்த்து ஓய்வுபெற்று, இங்கே வந்து குடியிருந்த ஒருவர் கதைப் புத்தகங்களாகச் சேர்த்து வைத்திருந்தார். அவர் காலமான பிறகு பிள்ளைகள் மூட்டை கட்டிக் கொண்டுவந்து கொடுத்துவிட்டார்கள். எனக்கு அந்த எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. கம்ப்யூட்டரில் தலைப்பு கேட்டது. "மலையாளம் 1, மலையாளம் 2" என்று போட்டுக்கொண்டே போனேன். நம்பர் ஒட்டி ராக்கில் அடுக்கிவிட்டு அதோடு மறந்தும் போனேன்.

ஒருநாள் சாயங்காலம் ஒரு பெண் வந்தாள். முப்பது வயதுக்குள் இருக்கும். சேலையெல்லாம் ஏலக்காய் வாசம். காய் பொறுக்கும் கடையில் வேலை செய்கிறாள் என்பது வாசலில் நுழையும்போதே தெரிந்துவிட்டது. காய் பொறுக்குவது என்றால், மலையிலிருந்து வருகிற ஏலக்காயைப் பரப்பி வைத்து, பெரியது சிறியது வெடித்தது என்று பிரிக்கிற வேலை. எங்கள் ஊரில் பாதித் தெருவுக்கு அதுதான் சோறு போடுகிறது. அவள் நேராக மலையாள ராக்கிடம் போனாள். ஒவ்வொரு புத்தகமாக எடுத்துத் திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டிருந்தாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது.

"ஏம்மா, அடுக்கி வச்சதக் கலைக்காத!"

"கலைக்கலை சேச்சி. எல்லாம் தலைகீழா நிக்குது. நேரா வைக்கிறேன்."

அடி ஆத்தி! பாதிப் புத்தகத்தை நான் தலைகீழாக அடுக்கியிருக்கிறேன். இத்தனை நாளும் அவை தலைகீழாக நின்றிருக்கின்றன, எனக்குத் தெரியவில்லை, வந்துபோன யாருக்கும் தெரியவில்லை. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, அவளும் சிரித்துவிட்டாள். அன்றிலிருந்து தினமும் வந்தாள்.

மலைக்கு அந்தப் பக்கம் பிறந்தவள். இங்கிருந்து கூலியாட்களைத் தோட்டத்துக்கு ஏற்றிக்கொண்டு போகும் ஜீப்பின் டிரைவரைக் கட்டிக்கொண்டு இறங்கி வந்துவிட்டாள். கடையில் வேலை முடிவது ஐந்தரைக்கு. புருஷன் ஜீப்போடு வீடு திரும்புவதற்குள் உலை வைக்க வேண்டும். நடுவில் கிடைப்பது அரைமணி நேரம். அந்த அரைமணி நேரமும் ராக்குக்குப் பக்கத்திலேயே நின்று படிப்பாள், உட்கார்ந்தால் நேரம் போய்விடுமாம். "இந்த ஊர்லதான் எல்லாருக்கும் மலையாளம் தெரியுமே, பேச ஆள் இல்லாமலா?" என்று ஒருமுறை கேட்டேன். "எல்லாருக்கும் விலை பேசற மலையாளம் தெரியும் சேச்சி. கதை பேசற மலையாளம் ஆருக்கும் தெரியாது" என்றாள்.

வீட்டுக்கு ஒரு புத்தகம் கொடுங்கள் என்று அவள் கேட்காத வாரம் இல்லை. கொடுக்க முடியவில்லை. உறுப்பினராக வேண்டுமென்றால் உள்ளூர் முகவரி வேண்டும். அவளிடமிருந்த அடையாள அட்டைகள் எல்லாவற்றிலும் அப்பன் வீட்டு முகவரி, அதுவும் வேறு மாநிலத்தில். வாடகை வீட்டுக்காரர் ஒப்பந்தம் எழுதித் தர மாட்டேன் என்றுவிட்டார். இல்லையென்றால் உள்ளூரில் சொந்த வீடுள்ள வேறொரு உறுப்பினர் ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டும். அவளுக்கு யார் போடுவார்கள்? நூலகரான நான் போடக் கூடாது. "விதி அப்படி இருக்கும்மா, நான் என்ன செய்ய" என்று ஒவ்வொரு முறையும் சொன்னேன். அவளும் ஒவ்வொரு முறையும் "சரி சேச்சி" என்றாள். ஆகவே கம்ப்யூட்டர் கணக்கில் அந்த ராக்கை ஒருவரும் தொட்டதே இல்லை. நின்றுகொண்டு படிக்கிறவர்களுக்குக் கணக்கு ஏது?

இதையெல்லாம் அதிகாரியிடம் சொல்லித்தான் பார்த்தேன். "ஒரே ஒரு ஆளுக்காக ஒரு ராக் எப்படிம்மா வைக்க முடியும்? உறுப்பினர் கூட இல்லைங்கிறீங்க" என்றார். அவர் கேட்டதிலும் தப்பு இல்லை. அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

வாசலில் இருக்கும் கரும்பலகையில் நானே எழுதினேன். மேலே பெரிதாக "ஏலம்". அதன்கீழ் "புதன்கிழமை காலை 10 மணி, கிளை நூலகம்". அடியில், இடம் பற்றாமல் பொடி எழுத்தில், "பயன்பாடற்ற நூல்கள்".

அன்று சாயங்காலம் அவள் எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டே உள்ளே வந்தாள். கொஞ்சம் கொஞ்சமாகத் தமிழ் வாசிக்கப் பழகியிருந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"எந்தா சேச்சி, லைப்ரரியில ஏலக்காய் வைக்கப் போறீங்களோ?"

"ஏலக்காயா? இது ஏலம்மா. கூவி விக்கிறது."

"அது ஏலம் இல்லல்லோ, லேலம்!"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவள் பாஷையில் ஏலம் என்றால் காய் மட்டும்தான். கூவி விற்பதற்கு லேலம் என்று தனி வார்த்தை இருக்கிறது. நமக்கு இரண்டுக்கும் ஒரே வார்த்தை. "ஏலத்தையே ஏலம் விடுற ஊரு எங்க ஊரு" என்று சொல்லி நானும் சிரித்தேன். "அப்ப, என்ன லேலம் சேச்சி?" என்று கேட்டாள். நான் கையை நீட்டி அந்த ராக்கைக் காட்டினேன்.

அவள் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்றது. பிறகு போய்விட்டது. ராக்கிடம் போய், படித்துக்கொண்டிருந்த புத்தகத்தை எடுத்து, எவ்வளவு மிச்சம் என்று விரலால் அளந்து பார்த்தாள். புதன்கிழமைக்குள் முடியாது என்பது எனக்கே தெரிந்தது. நின்றபடியே படிக்க ஆரம்பித்தாள், முன்பைவிட வேகமாக. ஏதாவது செய்ய வேண்டும் என்று நினைத்தேன், என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

புதன்கிழமை காலையில் சீக்கிரமே வந்து பட்டியலைக் கடைசியாகச் சரிபார்த்தேன். மென்பொருளில் ஒவ்வொரு புத்தகத்தையும் கழிவு என்று குறிக்க வேண்டும். குறித்துக்கொண்டே வந்தபோது ஒரு பழைய கைடு மட்டும் அடம் பிடித்தது. எத்தனை முறை அழுத்தினாலும் சிவப்பில் ஒரு வரி வந்தது: வாசகரிடம் உள்ளது, கழிவு செய்ய இயலாது. முந்தின நாள்தான் ஒரு பிள்ளை ஏதோ பழைய கேள்விகள் பார்க்க அதை எடுத்துப் போயிருந்தது. "ஓகோ, அப்படியா சேதி?" என்று கம்ப்யூட்டரிடம் கேட்டேன். யாரிடமாவது போய்விட்டால் யாராலும் கழிக்க முடியாது! மலையாள ராக்கைத் திரும்பிப் பார்த்தேன். வந்திருந்த பிள்ளைகளைப் பார்த்தேன். நான் சீக்கிரமே திறந்துவிட்டதால் நாலைந்து பேர்தான் இருந்தார்கள், ஆளுக்கு ஒன்றிரண்டு கொடுத்தால்கூட ஒரு தட்டு காலியாகாது. அந்த நேரத்தில் வாசலில் சலசலப்புக் கேட்டது.

எட்டிப் பார்த்தால் தெருவே அடைத்துக்கொண்டு நிற்கிறது. பைக், ஜீப், வெள்ளை வேட்டி. கையில் ஆளுக்கொரு பிளாஸ்டிக் பை. முன்னால் நின்றவர் பெரிய மீசைக்காரர். நல்ல கனத்த குரல்.

"ஏந்தாயி, ஏலம் எங்கன நடக்குது? மாடியா?"

"என்ன ஏலம்?"

"காய் ஏலம்தான். எப்பவும் ஏலம் நடக்குற கட்டடத்துல பெயிண்ட் அடிக்கிறாக, ஏலம் கேக்குற கம்ப்யூட்டர் எல்லாம் லைப்ரரிக்கு வந்துருச்சு, இந்த வாரம் இங்கனதான்னு சொன்னாக."

"யார் சொன்னாக?"

அவர் போனை நீட்டினார். என் கரும்பலகைதான். யாரோ போட்டோ எடுத்து வாட்ஸப் குரூப்பில் போட்டிருக்கிறார்கள். டீக்கடைக்காரர் பால் கேனை அதன்முன் இறக்கி வைத்திருந்ததால் பொடி எழுத்தில் இருந்த கடைசி வரி கேனுக்குப் பின்னால் மறைந்துவிட்டது. மிச்சம் இருந்ததெல்லாம் ஏலம், புதன்கிழமை, பத்து மணி. எங்கள் ஊரில் இந்த மூன்றையும் பார்த்துவிட்டு யார் வீட்டில் இருப்பார்கள்?

"இது புத்தக ஏலம்! எல்லாரும் கெளம்புங்க, புள்ளைக படிக்குது!" என்று ஒரு சத்தம் போட்டேன்.

யார் கிளம்பினார்கள்? கூட்டம் முழுக்க உள்ளே வந்துவிட்டது. "அட, நாம படிச்ச காலத்துல இது இம்புட்டுப் பெருசா இல்லையே" என்கிறார் ஒருவர். "ஏலே, நீ எப்ப படிச்ச?" என்கிறார் இன்னொருவர். ஒருத்தர் வந்ததற்குச் சும்மா போவானேன் என்று என் பேனாத் தட்டைக் காலி பண்ணி அதில் சாம்பிள் காயைக் கொட்டி, "நீங்களே ஒரு வெல சொல்லுங்கக்கா" என்றார். நூலகம் முழுக்க ஏலக்காய் வாசம். படித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் கைடை மூடிவைத்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்குக் கோபத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளவே முடியவில்லை. அப்போதுதான் அது பளிச்சென்று தோன்றியது.

"எல்லாரும் ஆதார் வச்சிருக்கீகளா?"

"ஏலத்துக்கு அது இல்லாம வருவமா?"

"உள்ளூர் அட்ரஸ்தான?"

"தோட்டம்தான் மேல. வீடு இங்கன."

"யாருக்கெல்லாம் மலையாளம் தெரியும்?"

அத்தனை கையும் மேலே போனது. மேலே தோட்டம் வைத்திருக்கிறவர்களுக்கு அது தெரியாமல் இருக்குமா? "வாசிக்க?" என்றேன். அத்தனை கையும் இறங்கியது.

"பரவாயில்ல. வரிசையில நில்லுங்க. ஆளுக்கொரு மெம்பர் கார்டு, ஆளுக்கொரு புத்தகம். வீட்டுல பத்திரமா வச்சிருந்து பதினஞ்சு நாள்ல கொண்டாந்து குடுங்க."

மீசைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "வாசிக்கத் தெரியாத புத்தகத்தத் தூக்கிட்டுப் போயி நான் வீட்டுல என்ன தாயி செய்ய?"

"ஒண்ணும் செய்ய வேண்டாம். சும்மா வைங்க."

"சும்மா இருக்கிறதுக்கு அது இங்கனயே இருக்கலாம்ல?"

நியாயமான கேள்விதான். "இங்கன இருக்க விட மாட்டேங்கிறாகண்ணே" என்றேன். உள்ளதைச் சொன்னேன். மலையாளத்துப் பொண்ணு ஒருத்தி, காய் பொறுக்குற கடையில் வேலை, சாயங்காலம் அரைமணி நேரம் நின்றுகொண்டே இதைத்தான் படிக்கிறாள், இன்றைக்கு இது எடைக்குப் போய்விட்டால் அவளுக்கு இந்த ஊரில் ஒன்றுமில்லை என்றேன்.

"காய் பொறுக்குற புள்ளையா?" என்றார் மீசைக்காரர். "அப்ப நம்ம புள்ளை. போடு தாயி, என் பேர்ல."

அப்புறம் நடந்தது திருவிழாதான். ஆதாரை வாங்குவது, தட்டுவது, புத்தகத்தில் ஒட்டிய பார்கோடு பட்டையில் விளக்கைக் காட்டுவது, அடுத்த ஆள். சந்தா கட்ட யாரும் முகம் சுளிக்கவில்லை. "எனக்கு மொத்தமாப் பாத்து ஒண்ணு குடுங்க", "எனக்கு அட்டையில படம் போட்டது" என்று தேர்ந்தெடுத்து வேறு வாங்கினார்கள். ஒருவர் புத்தகத்தை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்து, தரம் நன்றாக இருக்கிறது என்றார். இதில் ஒருவர் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு போட்டோவுக்கு நின்றார், நான் திருப்பிக் கொடுத்தேன். எனக்கும் இப்போது தெரியும் அல்லவா!

பழைய பேப்பர் வியாபாரி தராசோடு வந்து சேர்ந்தபோது மலையாள ராக் துடைத்து வைத்தது போல இருந்தது. இன்னொரு ராக்கில் இருந்த ஆண்டு மலர்களையும் கைடுகளையும் முறைப்படி கூவி விட்டேன். அவரும் வாங்கிக்கொண்டார். "அந்த மலையாளத்து லாட்டு எங்கக்கா?" என்று கேட்டார். "வாசகரிடம் உள்ளது" என்றேன், மென்பொருள் சொல்வதைப் போலவே. கம்ப்யூட்டரை நான் திட்டாத நாள் கிடையாது. அன்றைக்கு அதன் தலையைத் தடவிக் கொடுக்கலாம் போலிருந்தது.

மதியம் அதிகாரியின் போன் வந்தது. அவருடைய திரையில் எல்லாம் தெரிந்துவிடும்.

"என்னம்மா, ஒரே காலையில இத்தனை புது உறுப்பினர், எல்லாம் மலையாளப் புத்தகம்?"

"ஊருக்குத் திடீர்னு ஆர்வம் வந்திருச்சு சார்."

அவர் சிரிப்பது கேட்டது. "ஆர்வம் வரட்டும்மா. புத்தகமும் திரும்பி வரட்டும். ஆனா மேஜைக்கு இடம்?" என்றார். என் முதுகுக்குப் பின்னால் இருக்கும் பீரோவை வராந்தாவுக்குத் தள்ளிவிடுகிறேன், அந்த ராக் என் பக்கத்திலேயே நிற்கட்டும் என்றேன். பார்த்துச் செய்யுங்கள் என்று வைத்துவிட்டார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. இனி சாயங்காலம் அவள் வர வேண்டியதுதான் பாக்கி.

ஐந்தரைக்கு மேல் வந்தாள். ராக்கைப் பார்த்தாள். அங்கேயே நின்றுவிட்டாள். நான் ஓடிப்போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "விக்கல! ஒண்ணுகூட விக்கல! எல்லாம் ஊருக்குள்ளதான் இருக்கு!" என்று நடந்ததையெல்லாம் மூச்சுவிடாமல் சொன்னேன். பால் கேன், சாம்பிள் காய், தலைகீழ்ப் போட்டோ, எல்லாம். சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன்.

"அவங்களுக்கு வாசிக்கத் தெரியுமா சேச்சி?"

"எங்க தெரியும்!" என்று நான் சிரித்தேன்.

"ஒராளுக்கும் தெரியாது?"

"ஒருத்தருக்கும் தெரியாது!"

என் சிரிப்பு மட்டும்தான் கேட்டது. அவள் கையை மெதுவாக உருவிக்கொண்டாள்.

"வாசிக்கத் தெரியாதவங்களுக்கு ஆளுக்கு ஒண்ணு கொடுத்து வீட்டுக்கு அனுப்பியாச்சு. எனிக்கு மட்டும் இத்தனை நாளும் முடியாது."

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. நான் திரும்ப ஏதாவது சொல்ல வாய் திறந்தேன். விதி என்று வந்தது, அதை விழுங்கினேன். காலையில் அத்தனை கார்டு போட்டுக் கொடுத்த கைதான் என் கை.

அந்த நேரம் பார்த்து மீசைக்காரர் படியேறி வந்தார். துண்டுக்குள் புத்தகத்தை ஒளித்து வைத்திருந்தார். "தாயி, இத நீயே வச்சுக்க. வீட்டுக்காரி வாசப்படி தாண்ட விட மாட்டேங்கிறா. மலையாள எழுத்துன்னாலே மாந்திரீகமாம், யாருக்குச் செய்வினை வைக்கப் போறீருன்னு கேட்டுச் சண்டை." மேஜைமேல் வைத்தார். அவள் அட்டையைப் பார்த்ததும் ஒரு எட்டு முன்னால் வந்துவிட்டாள். அவள் பாதியில் விட்டிருந்த புத்தகம் அதுதான்.

அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. "நீதானா அந்தப் புள்ளை? எடுத்துக்கத்தா. என் கார்டுலயே இருக்கட்டும், நீ கொண்டுபோயிப் படி. யார் கேக்கப் போறாக?"

எனக்கு அப்பாடா என்றிருந்தது. எவ்வளவு சுலபமாக முடிந்துவிட்டது! அவள் புத்தகத்தைக் கையில் எடுத்தாள். திருப்பினாள். மறுபடி மேஜைமேல் வைத்தாள்.

"வேண்டா. என்டெ பேர்ல வேணும்."

"யார் பேர்ல இருந்தா என்னத்தா? படிக்கப் போறது நீதான?"

"என் பேர்ல," என்றாள் மறுபடியும், இந்த முறை என்னைப் பார்த்து. கண்ணில் தண்ணீர் நின்றது, விழவில்லை.

நான் மீசைக்காரரைப் பார்த்தேன். காலையிலிருந்து அவர் உறுப்பினர். சொந்த வீடு இருக்கிறது. விதியில் கேட்டிருக்கிற ஆள் என் எதிரிலேயே நிற்கிறார். படிவத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தேன்.

"அண்ணே, இங்கன ஒரு ஜாமீன் கையெழுத்து."

"ஜாமீனா? கோர்ட்டுக்கெல்லாம் வரணுமா?"

"புத்தகம் தொலைஞ்சா மட்டும் நான் உங்க வீட்டுக்கு வருவேன்."

"வேணாம் தாயி, ஏற்கெனவே வீட்டுல மாந்திரீகம்" என்று சொல்லிக்கொண்டே போட்டுவிட்டார். சந்தாவும் தானே கட்டுவதாகப் பையில் கைவிட்டார், அவள் தடுத்துவிட்டாள். தன் பர்ஸிலிருந்து தானே எடுத்துக் கட்டினாள்.

நான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். முதல் கட்டத்தில் பெயர் கேட்டது. விசைமேல் வைத்த விரல் அப்படியே நின்றது. தினமும் வந்தவள். என் மேஜையிலிருந்து நாலு எட்டில் நின்று படித்தவள். மலையாளத்துப் பொண்ணு, மலையாளத்துப் பொண்ணு என்று ஊருக்கெல்லாம் சொன்னேனே தவிர, ஒருநாளும் கேட்டதில்லை.

"உன் பேரு என்னம்மா?"

அவள் சொன்னாள். நான் தப்பாகத் தட்டினேன். திரையைப் பார்த்து, அந்த எழுத்து இல்லை, இந்த எழுத்து என்று திருத்தினாள். மறுபடி தட்டினேன். இப்போது சரி என்றாள்.

புத்தகத்தை அவள் பெயரில் ஏற்றிக் கையில் கொடுத்தேன். பதினைந்து நாளில் திருப்பித் தர வேண்டும், பக்கத்தை மடிக்கக் கூடாது, பேனாவால் கோடு போடக் கூடாது என்று எல்லாரிடமும் சொல்வதைப் போல அவளிடமும் கறாராகச் சொன்னேன்.